கரையேறிய பிறகு?

கடலுக்குச் சாதி தெரியாது. அலை, பூணூலைக் கண்டு ஒதுங்கிப் போவதில்லை. சுறாமீன், கோத்திரம் விசாரித்துப் பசியாறுவதில்லை. உப்பு நீர் எல்லோர் நாவிலும் ஒன்றுபோலவே கரிக்கிறது. சின்னஞ்சிறு உண்மை இது. பள்ளிப் பிள்ளையும் அறிந்த உண்மை. ஆயினும், கால் தரையில் பட்டதும் மனிதன் முதலில் மறப்பது இந்த உண்மையைத்தான்!

அதனால்தான் போலும், கதை புனைவோர் அவ்வப்போது ஒருவரோடொருவர் ஒட்டாத மாந்தர் சிலரைத் திரட்டி, படகிலே ஏற்றி நடுக்கடலில் நிறுத்துகிறார்கள், அல்லது ஆளரவமற்ற தீவொன்றிலே இறக்கிவிட்டு, "இப்போது வாழ்ந்து காட்டுங்கள், பார்க்கலாம்!" என்கிறார்கள். செல்வர் இருப்பார், சேவகர் இருப்பார். படித்தவர் இருப்பார், பாமரர் இருப்பார். ஊரிலே ஒருவர் முகத்தை ஒருவர் ஏறிட்டும் பாராதவர்கள், தீவிலே ஒரே நெருப்பைச் சுற்றி அமர்ந்தாக வேண்டும். அப்போது, எது பிறவியோடு வந்த மதிப்பு, எது பின்னால் ஒட்டவைத்த மதிப்பு என்பது தெரிந்துவிடும் அல்லவா! தங்கத்தை உரைத்துப் பார்க்கக் கல் இருப்பது போல, சமுதாயத்தை உரைத்துப் பார்க்க ஒரு தீவு!

அத்தகைய படமொன்றைப் பற்றியும், அதனைக் காஞ்சிபுரத்திலே நெசவாளத் தோழர்களுடன் அமர்ந்து பார்த்தபோது எழுந்த கேள்வி ஒன்றைப் பற்றியும் எழுத விரும்புகிறோம். படம் பெரிதல்ல, கேள்வி பெரிது.

படத்தின் பெயர் 'போட்'. 'இம்சை அரசன் 23ம் புலிகேசி' எடுத்த சிம்புதேவன் இயக்கியது. 2024 ஆகஸ்டில் வெளிவந்தது. கதை நடப்பது 1943-ல், சென்னையில். சப்பானியர் குண்டு வீசுவர் என்ற அச்சம். ஒரு மீனவரின் படகிலே ஏறித் தப்புகிறார்கள் சிலர். மீனவராக யோகி பாபு. அவருடைய பாட்டி, பார்ப்பனத் தந்தையும் மகளும், கருவுற்ற பெண், இசுலாமியர், வடநாட்டு வணிகர், வெள்ளைக்காரர் என்று, அன்றைய சென்னையின் தெருக்களையெல்லாம் சுருட்டி ஒரு படகுக்குள் வைத்திருக்கிறார் இயக்குநர். சுற்றிலும் நீர். கரை கண்ணுக்குத் தெரியவில்லை. தீவு என்பது நீர் சூழ்ந்த நிலந்தான் என்றால், அந்தப் படகும் தீவுதானே! மரப்பலகையாலான தீவு!

வெறுங் கற்பனையன்று அந்த அச்சம். முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, 'எம்டன்' என்ற செருமானியக் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்தது. 'எம்டன்' என்ற சொல்லே நம் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது அதனால்தான். இரண்டாம் உலகப் போரிலே, 1942 ஏப்ரலில், சப்பானியர் வந்துவிடுவர் என்ற பீதியில் சென்னை காலியாயிற்று. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. பெட்டி படுக்கையுடன், கையிலே குழந்தையும் தலையிலே மூட்டையுமாக மக்கள் வெளியேறினர். உயிரியல் பூங்காவிலே கூண்டுக்குள் கிடந்த சிங்கம், புலி முதலியவற்றைச் சுட்டுக் கொன்றனர். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் அவை ஊருக்குள் புகுந்துவிடுமே என்று! ஆபத்து வரும்போது முதலில் பலியாவது யார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? பேசத் தெரியாதவை, பரிந்து பேச ஆளில்லாதவை. பின்னர் 1943 அக்டோபரில் சப்பானிய விமானம் ஒன்று வந்து குண்டு வீசியதும் உண்டு.

படத்துக்கு வருவோம். பாரம் மிகுந்த படகு. பாரம் குறைய வேண்டும். யாரை இறக்குவது? இந்த ஒரு கேள்வி எழுந்ததும் முகமூடிகள் கழல்கின்றன. நேரம் முழுதும் பேச்சாகவே போகிறது, நாடக மேடையைப் படகின்மேல் ஏற்றியது போல என்று குறை கூறுவோர் உண்டு. அந்தக் குறையில் உண்மையும் உண்டு. ஆயினும், "யாரை இறக்குவது?" என்று கேட்கிறதே அந்தக் கதை, அது நம் நாட்டிலே நெடுங்காலமாகக் கேட்கப்படும் கேள்வி. கேட்டவர்கள் எப்போதும் படகின் நடுவிலே, நனையாத இடத்திலே உட்கார்ந்தவர்கள். இறங்கியவர்கள் விளிம்பிலே இருந்தவர்கள்.

மேல்நாட்டாரும் இந்தச் சோதனையைப் பலமுறை செய்து பார்த்திருக்கிறார்கள். ஜே.எம். பேரி என்பார் எழுதிய 'தி அட்மிரபிள் கிரைட்டன்' என்ற நாடகம் 1902-ல் இலண்டனில் அரங்கேறியது. 1957-ல் திரைப்படமாகவும் வந்தது. பிரபு குடும்பமொன்று கப்பல் உடைந்து தீவிலே ஒதுங்குகிறது. உடன் வந்த பணியாள் கிரைட்டன்தான் குடிசை கட்டுகிறான், வேட்டையாடுகிறான், எல்லோரையும் காக்கிறான். பிரபு பணிவிடைக்காரராகிறார், பிரபுவின் மகள் பணியாளை மணக்கத் துடிக்கிறாள். அந்த நேரத்திலே கப்பல் வருகிறது. அவ்வளவுதான்! பிரபு மீண்டும் பிரபு. பணியாள் மீண்டும் பணியாள். தீவிலே நடந்த வீரச்செயல் யாவும் தன்னுடையவை என்று பிரபுவின் உறவினன் ஒருவன் நூலே எழுதிவிடுகிறான்!

நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, 2022-ல், சுவீடன் நாட்டு இயக்குநர் ரூபன் ஆஸ்ட்லண்ட், 'டிரையாங்கிள் ஆஃப் சேட்னஸ்' என்ற படத்திலே அதே கேள்வியை மீண்டும் கேட்டார். கேன்ஸ் திரைவிழாவின் தலைப் பரிசு பெற்ற படம் அது. கோடீசுவரர்கள் உலாப்போகும் சொகுசுக் கப்பல் அழிகிறது. தப்பிய சிலர் கரையொதுங்குகின்றனர். அவர்களிலே கப்பலின் கழிப்பறை துப்புரவு செய்துவந்த பெண் ஒருத்தி. மீன் பிடிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தீ மூட்டத் தெரிந்தவளும் அவள்தான். "இங்கே தலைவி யார்?" என்று அவள் கேட்கிறாள், "நீதான்" என்று சொன்னவர்க்கே துண்டு மீன் கிடைக்கிறது. பிறகு, அந்தத் தீவின் மறுபுறத்திலேயே ஆடம்பர விடுதி இருப்பது தெரியவரும்போது, மீண்டும் கழிப்பறைக்குப் போக வேண்டுமே என்ற எண்ணத்திலே அவள் கையில் கல் எடுக்கிறாள். அந்தக் கல் விழுந்ததா, இல்லையா என்று காட்டாமலே படம் முடிகிறது.

இரண்டு கதைகளுக்கும் இடையே 120 ஆண்டு. பணியாள் கிரைட்டன் பணிந்து தலை குனிந்தான். துப்புரவுப் பெண் கல்லை எடுத்தாள். ஆனால் இருவருக்கும் இடர் வந்தது தீவிலே அல்ல, கரையிலே! தீவு அவர்களைச் சமமாக்கிற்று. கரை அவர்களைப் பழைய இடத்துக்கு விரட்டிற்று. ஆகவே நாம் கேட்க வேண்டியது, "தீவிலே மனிதர் எப்படி வாழ்வர்?" என்பதன்று. "கரையேறிய பிறகு?" என்பதே.

இந்தக் கேள்வியை நமக்குப் புரியவைத்தவர் இயக்குநர் எவருமல்லர். பிள்ளையார்பாளையத்திலே தறி வேலை செய்யும் இருபது வயது இளைஞர் ஒருவர்.

தறி ஓடாத ஒரு நாள். நெசவாளத் தோழர் ஒருவரின் வீட்டுக் கூடத்திலே அமர்ந்து 'போட்' படத்தைப் பார்த்தோம். வீட்டுக்காரர், அவர் துணைவியார், பக்கத்து வீட்டு நெசவாளர் இருவர், நம் படிப்பு வட்டத்து மாணவர் மூவர், அந்த இளைஞர். இளைஞர் அந்த வீட்டுத் தறியிலே உதவியாள். உதவியாள் என்றால் என்ன என்று அறியாதவர்க்கு ஒரு சொல்: காஞ்சிப் பட்டின் தனிச்சிறப்பு கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம்; இரண்டும் தனித்தனி ஊடையாக ஓடி, விளிம்பிலே ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். அதற்கு நாடா மூன்று வேண்டும். ஒருவர் கையால் ஆகாது. நெசவாளர் ஒருபுறம், உதவியாள் மறுபுறம். ஒருவர் எறிய, மற்றவர் வாங்க, அவர் எறிய, இவர் வாங்க... நாள் முழுதும் இதுதான். ஒரு கை நின்றால் மறு கையும் நின்றாக வேண்டும். ஒரு காலத்திலே இந்த வேலைக்குப் பள்ளி செல்ல வேண்டிய சிறுவர்களை உட்கார வைத்தார்கள். அந்தக் கொடுமையை எதிர்த்து எழுதியும் பேசியும் வந்தவர்கள் பலர்.

படம் ஓடியது. "யாரை இறக்குவது?" என்ற கட்டம். கூடத்திலே எல்லோரும் நியாயம் பேசத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரனை இறக்கு என்றார் ஒருவர். பணக்காரனை இறக்கு என்றார் மற்றொருவர். கதவோரத்திலே அமர்ந்திருந்த அந்த இளைஞர் மெல்லக் கேட்டார்:

"அண்ணே, படகை ஓட்டத் தெரிந்தவர் ஒருவர்தானே? உட்கார்ந்து வருகிறவர் அத்தனை பேரும் சேர்ந்து அவருக்கு நியாயம் சொல்லுவதா? ஊரிலும் அப்படித்தானே இருக்கிறது, அண்ணே?"

எல்லோரும் பாராட்டினோம். வீட்டுக்காரர், "நல்ல கேள்வி கேட்டாயடா!" என்று தோளிலே தட்டினார். உண்மையான அன்போடுதான் தட்டினார்.

சிறிது நேரத்திலே தேநீர் வந்தது. நமக்கெல்லாம் எவர்சில்வர் தம்ளர். அந்த இளைஞருக்குக் காகிதக் குவளை.

யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. இளைஞர் குவளையை வாங்கி, ஊதி ஊதிக் குடித்தார். அவர் முகத்திலே கோபம் இல்லை; வருத்தம் இல்லை; வியப்புக்கூட இல்லை. அந்த வியப்பின்மைதான் நம்மைச் சுட்டது. "அம்மா, எமக்கும் காகிதக் குவளையிலேயே கொடுங்கள்" என்றோம். அந்த அம்மையார் ஒரு கணம் தயங்கி நின்று, "கழுவுகிற வேலை மிச்சமாகட்டும் என்றுதான்..." என்றார். "எல்லோருக்கும் அதிலே கொடுத்தால் இன்னும் மிச்சமாகுமே, அம்மா" என்றோம். கூடத்திலே பேச்சு நின்றது. படகிலே நடப்பது என்ன என்பதை அதற்குமேல் ஒருவரும் பார்க்கவில்லை.

அந்த வீட்டார் கொடியவர்கள் அல்லர். இளைஞரின் தங்கை படிப்புக்குக் கடன் கொடுத்தவர்கள். நோய் என்றால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்பவர்கள். கொடியவர் செய்தால் அதைக் கொடுமை என்று சொல்லி எதிர்த்துவிடலாம். நல்லவர் கையிலே, நினைப்பே இல்லாமல், பழக்கமாகவே ஓடுகிறதே, அதுதான் சாதியின் வலிமை!

திரும்பும் வழியிலே அந்த இளைஞர் உடன் வந்தார். தெருமுனைவரை பேசவில்லை. பிறகு சொன்னார்: "நீங்கள் கேட்டது நியாயந்தான், அண்ணே. ஆனால் நாளைக் காலையில் அந்தத் தறியிலே அவருக்கு எதிரே உட்கார வேண்டியவன் நான் அல்லவா? எனக்கென்று ஒரு தறி இருக்கட்டும். பிறகு எந்தக் குவளையிலே குடிப்பது என்பதை நானே சொல்லிக்கொள்கிறேன்."

தோழர்களே! இந்தச் சொற்களை எண்ணிப் பாருங்கள். சமத்துவத்தைப் பற்றி நாம் எழுதிய, படித்த ஏடுகள் எத்தனையோ! 'தறி எனக்கு வேண்டும். குவளை தானே மாறும்' என்று அந்த இளைஞர் ஒரே மூச்சிலே சொல்லிவிட்டார். படகு யாருடையதோ, அவர் சொல் அம்பலம் ஏறும். படகு இல்லாதவர் நியாயம் பேசினால், "நல்ல கேள்வி கேட்டாயடா!" என்று தோளிலே தட்டிவிட்டு, காகிதக் குவளையை நீட்டுவார்கள்.

காஞ்சியை எண்ணிப் பார்க்கிறோம். கோயில் நகரம் என்பர். ஏகாம்பரநாதர், வரதராசர், காமாட்சி, கைலாசநாதர் என்று அடுக்குவர். தறி நகரம் என்பதே நமக்குப் பெருமை. பட்டு நூல் கருநாடகத்திலிருந்து வருகிறது. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. சாயம் தோய்ப்பவர் ஒருவர், பாவு இழைப்பவர் ஒருவர், நெய்பவர் ஒருவர், எதிரே நாடா எறிபவர் ஒருவர். ஒருவரையொருவர் அறியாத எத்தனையோ கைகள் ஒரு சேலையிலே சந்திக்கின்றன. அந்தச் சேலை மணவறைக்குப் போகிறது. கோயில் சிலைக்கும் போகிறது. பட்டுக்குத் தீட்டில்லை, அது 'மடி' என்பது வைதீகர் கொள்கை! நெய்த துணி மடி. நெய்த கை மட்டும் தீட்டு! நூலிலே கலக்கலாம், தம்ளரிலே கலக்கக் கூடாது! இதைவிட வேடிக்கையான தீவு எந்தப் படத்திலேனும் உண்டோ?

2019-ஆம் ஆண்டு, குளத்திலே கிடந்த அத்திமர உருவத்தை நாற்பது ஆண்டுக்குப் பின் வெளியே எடுத்து வைத்தார்கள். சூலை, ஆகஸ்டு மாதங்களிலே இலட்சம் இலட்சமாக மக்கள் இவ்வூருக்கு வந்து குவிந்தார்கள். மர உருவத்தைக் காண்பதால் என்ன பயன் என்பது நம் கேள்வி; தாகத்தோடு நிற்பவர்க்குத் தண்ணீர் கொடுப்பது நம் கடமை. குடத்துடன் நாமும் வரிசையோரம் நின்றோம். தொலைவூர்ப் பாட்டி ஒருவர், குவளையை வாங்கி மளமளவென்று குடித்தார். கொடுத்தவன் யார், என்ன சாதி என்று கேட்கவில்லை. நெரிசலிலே மயங்கியவரைத் தூக்கியவரும் கேட்கவில்லை, தூக்கப்பட்டவரும் கேட்கவில்லை. ஒரு முழ இடத்திலே ஒன்பது பேர் ஒட்டி நின்ற அந்த வரிசைதான் தீவு! ஆனால், அங்கேயும் சிறப்பு நுழைவுச் சீட்டு என்று இன்னொரு வாயில் இருந்தது. பெரிய மனிதர்கள் அந்த வாயிலிலே வியர்வை படாமல் போய் வந்தார்கள். பொது வரிசையிலே நெரிசலில் உயிர் நீத்தவர்களும் உண்டு. 'ஆண்டவன் முன் அனைவரும் சமம்' என்பாரை, அந்த இரண்டு வாயிலையும் ஒருமுறை எண்ணச் சொல்லுங்கள்!

துன்பம் வந்தால் சாதி தானாகக் கரைந்துவிடும் என்று நம்புவோரும் உளர். அந்த நம்பிக்கையையும் உரைத்துப் பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை நம் கடற்கரையை அழித்தது. நாகப்பட்டினத்திலே ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். எஞ்சியவர் எல்லாம் இழந்தவர். ஒரே கடலால் அடிபட்டவர். அந்த முகாம்களிலே தாழ்த்தப்பட்ட மக்களை ஒதுக்கினார்கள், உதவியும் தண்ணீரும் மறுத்தார்கள் என்ற செய்திகள் வந்தனவே! வீட்டை அலை கொண்டுபோயிற்று, படகைக் கொண்டுபோயிற்று, பெற்ற பிள்ளையைக் கொண்டுபோயிற்று. சாதியை மட்டும் கொண்டுபோக அலைக்கு வலிமையில்லை!

2015 டிசம்பர் வெள்ளத்திலே சென்னையும், அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் புறநகர்ப் பகுதிகளும் மூழ்கியபோது, மாடியிலே நின்று கையசைத்தவர்களை மீட்க மீனவர்கள் தம் படகைக் கொண்டுவந்தார்கள். படகிலே ஏறியவர், "ஓட்டுபவர் யார்?" என்று கேட்கவில்லை. வெள்ளம் வடிந்தது. அந்த மீனவரில் எத்தனை பேருக்கு அந்த மாடி வீடுகளிலே வாடகைக்கு இடம் கிடைக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! கரையேறிய பிறகு? அதே கேள்வி!

தமிழர்க்கு இந்தக் கேள்வி புதிதன்று. ஆளில்லாத தீவிலே தனித்து விடப்பட்ட ஒருவனின் கதையை நம் மணிமேகலைக் காப்பியமே சொல்கிறது. அதிலே வரும் விண்பறத்தலையும், தெய்வம் தந்த பாத்திரத்தையும் நாம் ஏற்பதில்லை. அந்தப் பொய்த்தோலை உரித்தால் உள்ளே இருக்கும் கனி இனிது.

ஆபுத்திரன், பிறந்தவுடன் தாயால் கைவிடப்பட்டவன். பார்ப்பனர் ஒருவர் எடுத்து வளர்க்கிறார். வேள்விக்கெனக் கட்டப்பட்ட பசுவைக் கண்டு மனம் பொறாமல், இரவிலே அவிழ்த்து ஓட்டிவிடுகிறான். அடிக்கிறார்கள், இழிபிறப்பு என்று ஏசுகிறார்கள். "உங்கள் முனிவர்களின் பிறப்பு எப்படிப்பட்டது, சொல்லவா?" என்று திருப்பிக் கேட்கிறான். ஊரைவிட்டே துரத்தப்படுகிறான். மதுரையிலே பிச்சையெடுத்துக் குருடர்க்கும் முடவர்க்கும் ஊட்டி, மிச்சத்தை உண்கிறான். அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் அவன் கைக்கு வருகிறது. பின்னர் பசித்தோர் வாழும் சாவகத்துக்குக் கப்பலேறுகிறான். வழியிலே மணிபல்லவத் தீவிலே கப்பல் நிற்கிறது; அவன் இறங்குகிறான்; அவன் ஏறிவிட்டதாக எண்ணி, இரவிலே கப்பல் போய்விடுகிறது. தீவிலே அவன் ஒருவன். கையிலே ஊருக்கே சோறிடும் பாத்திரம். உண்ண ஒருவருமில்லை! 'பிறருக்குப் பயன்படாத இந்தப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு நான் மட்டும் உயிர் வாழ்வதா?' என்று அதனைப் பொய்கையிலே விட்டுவிட்டு, உண்ணாமலே உயிர் விடுகிறான்.

தீவுக் கதை எத்தனையோ உண்டு உலகிலே. தீவிலே சோறு கிடைக்காமல் செத்தவர் கதை உண்டு. சோறு இருந்தும், பகிர்ந்துகொள்ள ஆளில்லையே என்று செத்தவன் கதை, நாம் அறிந்தவரை, இந்த ஒன்றுதான். அந்தப் பாத்திரமே பின்னர் மணிமேகலை கையிலே காஞ்சிக்கு வருகிறது. பஞ்சத்தால் வாடிய இவ்வூரிலே சாதி, சமயம் கேட்காமல் அனைவர் பசியையும் ஆற்றுகிறது என்கிறது காப்பியம். மணிபல்லவத்துப் பொய்கை போலவே காஞ்சியிலும் ஒன்று அமைத்தார்களாம். அதாவது, தீவைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்!

ஆபுத்திரனிடம் பாத்திரம் இருந்தது, ஆளில்லை. நம்மிடம் ஆளிருக்கிறார்கள், பாத்திரந்தான் இரண்டாக இருக்கிறது.

தீவைக் கரைக்குக் கொண்டுவருவது எப்படி? தென்கடலிலே டோங்கா நாட்டுப் பள்ளிச் சிறுவர் ஆறு பேர் வழிகாட்டியிருக்கிறார்கள். 1965-ல் படகொன்றை எடுத்துக்கொண்டு கிளம்பி, புயலிலே சிக்கி, 'அட்டா' என்ற ஆளில்லாத் தீவிலே ஒதுங்கினார்கள். பதினைந்து மாதம் அங்கேயே வாழ்ந்தார்கள். 1966 செப்டம்பரில் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியக் கப்பலோட்டி அவர்களைக் கண்டு மீட்டார். தீவிலே விடப்பட்ட சிறுவர் ஒருவரையொருவர் வேட்டையாடுவர் என்று கோல்டிங் என்ற ஆங்கில எழுத்தாளர் 1954-ல் 'லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்' என்ற நாவல் எழுதினார். 1963-ல் அது படமாகவும் வந்தது. உண்மைச் சிறுவர்கள் செய்ததென்ன? இருவர் இருவராக முறை வைத்துக்கொண்டார்கள்: தோட்ட வேலைக்கு ஒரு முறை, சமையலுக்கு ஒரு முறை, காவலுக்கு ஒரு முறை. மூட்டிய தீயை அணையவிடவில்லை. சண்டை வந்தால், சண்டையிட்டவர் இருவரும் தனித்தனியே விலகிச் சென்று, சினம் ஆறித் திரும்ப வேண்டும். ஒருவனுக்குக் கால் முறிந்தது. குச்சி வைத்துக் கட்டி, அவன் வேலையைப் பிறர் செய்து, குணமாக்கினார்கள்.

அவர்களைக் காத்தது எது? நல்ல மனம் மட்டுமன்று. நல்ல மனம் அந்தப் பிள்ளையார்பாளையத்து வீட்டிலும் இருந்தது. அவர்களைக் காத்தது முறை! சமைப்பவன் என்றும் சமைப்பவனாக இல்லை. காவல் நிற்பவன் என்றும் காவல் நிற்பவனாக இல்லை. வேலை கைமாறிக்கொண்டே இருந்தது. வருணம் என்பது என்ன? வேலை கைமாறாமல் ஆணியடித்து நிறுத்தியதுதானே!

நம் படிப்பு வட்டத்திலே இந்தச் செய்தியைப் படித்தோம். மாதம் ஒரு ஞாயிறு கூடிச் சமைத்து உண்பது நம் வழக்கம். அதற்கு இப்போது சீட்டுக் குலுக்கி முறை எழுதிச் சுவரிலே ஒட்டுகிறோம்: சமைப்போர் இருவர், பரிமாறுவோர் இருவர், கழுவுவோர் இருவர். ஆண், பெண், மூத்தவர், இளையவர் என்ற விலக்கில்லை. ஒரே வகைத் தட்டு, ஒரே வகைத் தம்ளர். அழைப்பு அனைவர்க்கும் போயிற்று. முதல் மாதம் அந்த நெசவாளத் தோழர் வரவில்லை. இரண்டாம் மாதமும் வரவில்லை. மூன்றாம் மாதம் வந்தார். சீட்டிலே கழுவும் முறை அவர் பெயருக்கு விழுந்தது. உடன் விழுந்த பெயர் அவர் வீட்டு உதவியாளுடையது. இருவரும் குழாயடியிலே குந்தினார்கள். ஒருவர் தேய்த்துக் கொடுக்க, மற்றவர் அலசி வாங்கினார். தறியிலே பழகிய கைகள், வேகம் குறையவில்லை. "கோர்வை போடுகிறோம், பார்!" என்று சிரித்தார் பெரியவர்.

இதனாலே சாதி ஒழிந்துவிட்டது என்று நாம் பறை சாற்றவில்லை. அந்த வீட்டிலே இப்போது எந்தக் குவளை என்று நாம் போய்ச் சோதிக்கவுமில்லை. இளைஞருக்கு இன்னும் தறி வந்தபாடில்லை. குழி தோண்ட இடமும், அச்சும், பாவும், முதலும் வேண்டும். அவர் பெயர் இன்னும் எந்தச் சங்க ஏட்டிலும் இல்லை. அதற்கான விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்து, அலுவலகம் அலுவலகமாக அவருடன் நடந்துகொண்டிருக்கிறோம். குவளையை மாற்றுவது ஒரு மாலைப் பொழுதின் வேலை. தறியை வாங்கித் தருவது ஆண்டுக்கணக்கான வேலை. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்பவர், படம் பார்த்துக் கைதட்டுபவர்; படகு தள்ளுபவர் அல்லர்.

தீவுப் படங்களைப் பாருங்கள், தோழர்களே! நல்ல பாடம் உண்டு அவற்றிலே. ஆனால், படம் முடியும் இடத்திலேதான் நம் வேலை தொடங்குகிறது என்பதை மறவாதீர்கள். கப்பல் வந்து மீட்டுக்கொண்டு போகும் என்று காத்திருக்க நமக்கு நேரமில்லை. கப்பல் உடைந்தால்தான் மனிதன் மனிதனாவான் என்றால், எத்தனை கப்பலை உடைப்பது? எத்தனை ஊரை மூழ்கடிப்பது? வெள்ளம் வருமுன்னே, அலை எழுமுன்னே, உங்கள் தெருவிலே, உங்கள் வீட்டுக் கூடத்திலே எத்தனை வகைக் குவளை இருக்கிறது என்று எண்ணுங்கள். உங்கள் ஊரிலே படகு யாருடையது, துடுப்பு யார் கையிலே என்று கேளுங்கள். வேலையை முறை வைத்துப் பகிருங்கள். துடுப்புப் பிடிப்பவர்க்குப் படகிலே பங்கு கிடைக்கப் போராடுங்கள்.

கடல் நம்மைச் சமமாக்கும் வரை காத்திருப்பது கோழைமை. கரையிலேயே சமமாவதுதான் பகுத்தறிவு.